ஆர்வில் வீட்டில் தண்ணீர் கொதிக்கக் கூடாது

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அந்தக் குளிர்காலத்தில் ஆர்வில் ஹாகன் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். தன் வீட்டில் இனி எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் கொதிக்கக் கூடாது.

சூடாகலாம். ஆவி வரலாம். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி எட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கடற்பாசி கொதித்தால் சாறு கசந்துவிடும் என்பது ஜப்பானில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். ஆர்விலின் மனைவி மார்லிஸுக்குத் தெரியவில்லை. முட்டை வேக வேண்டுமானால் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சாஸ்திரம்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், ஏரிக்கரையில், ஸ்வான் பே என்கிற சின்ன ஊர். அங்கே சாலைகளில் பனி தள்ளும் வண்டிகளை ஆயுள் முழுவதும் மேய்த்தவர் ஆர்வில். அவர் ஒரு போன் போட்டால் ஊரே தூங்கும்போது பத்து வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். ஓய்வு பெற்றதும் அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. மிஞ்சியவை இரண்டு: மனைவி, அடுப்பு. மனைவியை அதட்டிப் பழக்கமில்லை. எனவே அடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

வினை டுலூத் நகரத்தில் ஆரம்பித்தது. அவர்களுடைய கல்யாண நாள் என்று மகள் அப்பா அம்மா இருவரையும் ஒரு நவீன உணவகத்துக்கு அழைத்துப் போயிருந்தாள். முழங்கை வரை பச்சை குத்தின இளைஞன் ஒருவன் அங்கே தலைமைச் சமையல்காரன். கண்ணாடி போலத் தெளிந்த சாறு, அதில் ஒரு துண்டு ஏரி மீன். ஆர்வில் ஒரு வாய் குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். மாரடைப்பு என்று நினைத்து மார்லிஸ் கைப்பையில் மாத்திரை தேடினாள். அவர் கண்ணைத் திறந்து, இதில் என்ன போட்டிருக்கிறாய் என்று அந்தப் பையனைக் கேட்டார். டாஷி என்றான் அவன்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களிடம் ஒரு வார்த்தை. ஜப்பானியர் சொல்லுகிற மாதிரியே நான் அந்தப் பெயரை எழுதினால், ஓய்வு பெற்ற மனுஷர் தாசியே கதி என்று கிடந்தார் என்று நீங்கள் படித்துவிடுவீர்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் மேல் வீண் பழி எதற்கு. 'டாஷி' என்றே இருக்கட்டும். கடற்பாசியை ஊறவைத்து, இதமாகச் சூடுபண்ணி, காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு வடிகட்டினால் அதுதான் டாஷி. நம் தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாட்டுக்கு அந்த மீன் ஒன்றுவிட்ட அண்ணன் முறை.

இப்போதெல்லாம் அமெரிக்காவில் சமைக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் மூன்று பேர் டாஷியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நாலாவது ஆள் தெரிந்த மாதிரி தலையாட்டுகிறார். பட்டணத்துச் சமையல்காரர்கள் அதைக் கோழிக்கறியில் விடுகிறார்கள், பட்டாணியில் விடுகிறார்கள், உருளைக்கிழங்கு மசியலில்கூட விடுகிறார்கள். ஸ்வான் பேக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை. அந்த ஊருக்கு எதுவுமே பனி உருகின பிறகுதான் வரும்.

ஆர்விலுக்குப் பொறுமை இல்லை. சீவின மீன் பொட்டலத்தில் கிடைக்கும் என்று மகள் சொன்னாள். வெந்நீரில் கரைக்கிற தூள்கூட உண்டு என்றாள். தூளா என்று அவர் கேட்ட தொனியில் அவள் போனை வைத்துவிட்டாள். முழு மீனாகத்தான் வரவழைத்தார். வந்ததைப் பார்த்து விறகு என்று நினைத்த மார்லிஸ் கணப்பில் போடப் போனாள். ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். அது அத்தனை கெட்டி. கத்தி இறங்கவில்லை. கடைசியில் கார் கொட்டகையில் மர வேலைக்கு வைத்திருந்த இழைப்புளியை எடுத்துச் சீவினார். சுருள் சுருளாக விழுந்தது. அடுத்த வீட்டு லைலின் பூனை அன்றைக்கே தன் சொந்த வீட்டைத் துறந்து ஆர்விலின் கொட்டகைக்குக் குடிவந்துவிட்டது.

மார்லிஸின் சமையல்கட்டு கைமாறியது இப்படித்தான். முதலில் குளிர்பெட்டியின் மேல்தட்டில் ஒரு ஜாடி வந்தது. பிறகு மேல்தட்டே போயிற்று. பிறகு பெட்டியே போயிற்று. எங்கே திறந்தாலும் பச்சையாக எதாவது மிதந்தது. காப்பி வாசனை டாஷியின் மென்மையான வாசனையை அமுக்கிவிடுகிறது என்று காப்பி இயந்திரத்தைத் தூக்கித் துணி துவைக்கிற அறையில் வைத்தார். மார்லிஸ் காலைக் காப்பியைத் துவைக்கும் இயந்திரத்தோடு உட்கார்ந்து குடித்தாள். டப்பாவில் வரும் காளான் சூப்பைக் கறியில் ஊற்றி, மேலே உருளைக்கிழங்கை அடுக்கி, அடுப்பில் வேகவைப்பது அந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அந்த டப்பாக்களையெல்லாம் நிலவறைக்கு நாடு கடத்தினார். ஒருநாள் அவள் வாயைத் திறந்தபோது கையை உயர்த்தி, "மெதுவாப் பேசு, நூத்தி நாப்பதுல நிக்குது" என்றார். அடுப்பில் இருந்த பாத்திரத்தில் பாரன்ஹீட் வெப்பமானி செருகியிருந்தது.

ஸ்வான் பேயில் யாரும் கத்தமாட்டார்கள். கோபம் வந்தால் பாத்திரம் துடைப்பார்கள். அன்று மார்லிஸ் ஒரே தட்டைத் துடைத்துத் துடைத்து அதில் இருந்த பூவெல்லாம் அழிந்துபோயிற்று. விளையாட்டில்லை, அவளுக்கு நிஜமாகவே துக்கம். ஏரியைப் பார்த்த ஜன்னலும் அந்த அடுப்புமாக அவள் வாழ்ந்த இடம் அது. இப்போது அங்கே ஒரு டம்ளர் எடுக்க வேண்டுமென்றாலும் கேட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. விருந்துக்கு வந்த இடத்தில் கூச்சப்படுகிற மாதிரி சொந்த வீட்டில் கூச்சப்பட்டாள்.

தட்டை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஆர்வில், எனக்கு என் அடுப்பு வேணும்."

"அடுப்பு எங்கேயும் போயிடலையே. அங்கேதானே இருக்கு."

"அது முன்னால நீ இருக்கே."

"நான் நின்னாத்தானே சூடு பாக்க முடியும்?"

"சரி, ஒரு பந்தயம். லெந்து சூப்புக்கு நம்ம முறை வருதில்ல, இந்தத் தடவை நீயே பண்ணு."

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் புதன்கிழமைதோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மேலே ஜெபத்துக்குப் போவது அங்கே வழக்கம். முறைவைத்துச் சில வீடுகள் பெரிய மின்சார அண்டாவில் சூப் கொண்டுபோகும். ஹாகன் வீட்டு முறைக்கு எப்போதும் மார்லிஸின் கோழி சூப்தான்.

"உன் அண்டா காலியாச்சுன்னா அடுப்பு உன்னோடது. நான் அப்புறம் வாயே திறக்கமாட்டேன். மீந்துதுன்னா என்னோடது."

"முழுசாக் காலியாகணுமா?"

"கரண்டி விட்டா ஒண்ணும் வரக் கூடாது."

ஆர்வில் கையை நீட்டினார். அவளும் நீட்டினாள். இத்தனை சுலபமாக ஒரு சாம்ராஜ்யத்தை யாராவது பணயம் வைப்பார்களா என்று அவருக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு மறுநாள் வரைக்கும்தான் நிலைத்தது. ஒத்திகை பார்ப்பதற்காக லைலைக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் தெளிந்த டாஷி கொடுத்தார். லைல் குடித்தான். கிண்ணத்துக்குள் பார்த்தான். வேறு எதாவது அடியில் இருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்தான். பிறகு, "வித்தியாசமா இருக்கு" என்றான்.

ஸ்வான் பேயில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. வாயில் சாக்கடையை ஊற்றினால்கூட அதற்கு மேல் சொல்லமாட்டார்கள். ஆர்வில் நேரே கொட்டகைக்குப் போய், இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, பூனைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். சர்ச் முழுக்க வித்தியாசமா இருக்கு, வித்தியாசமா இருக்கு என்று சொல்லிக்கொண்டு போவது அவர் காதில் கேட்டது. அடுப்பு கையைவிட்டுப் போய்விட்டது என்றே முடிவுகட்டினார்.

அப்போதுதான் மார்லிஸ் வந்தாள். கையில் காப்பி. அதையும் அவருக்குத்தான் கொண்டுவந்திருந்தாள்.

"காட்டரிசி போடேன், ஆர்வில்." அந்தப் பக்கத்து ஏரிகளில் தானாக விளைகிற கறுத்த நீள அரிசி அது.

"டாஷியில கை வைக்காதே."

"நான் எங்க வைக்கறேன்? டாஷி டாஷியாவே இருக்கட்டும். அதுல காட்டரிசி வேகட்டும். நம்ம ஏரி மீன் நாலு துண்டு. பொடி வெங்காயம். இறக்கும்போது ஒரு கட்டி வெண்ணெய்."

"வெண்ணெயா? ஜப்பான்காரங்க கேட்டா என்ன நினைப்பாங்க?"

"அன்னிக்கு ஜப்பான்லேருந்து யாரும் வரல. லைல்தான் வரான்."

செய்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். டுலூத்தில் மூடின அதே மாதிரி கண் மூடிற்று. பாசியின் ஆழம் அடியில் அப்படியே இருந்தது; அதன்மேல் வெண்ணெயும் மீனும் காட்டரிசியும் ஊர்க்காரர்களைக் கைநீட்டிக் கூப்பிட்டன. ஆர்வில் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். எதிராளிக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறாளே, இவளுக்குப் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

அவள் அதோடு விடவில்லை. புதன்கிழமை காலையில் மீனையெல்லாம் முள் எடுத்துக் கொடுத்தாள். வெங்காயம் நறுக்கினாள். அவர் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்கும் காருக்குமாக என்னென்னவோ எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆர்விலுக்கு மனசு இளகிவிட்டது. ஜெயித்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு அடுப்பை அவளுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று பெருந்தன்மையாகத் தீர்மானித்தார். பின்பக்க அடுப்பு.

சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு ராணி ஆர்டிஸ் அம்மாள். எண்பது வயது தாண்டியவள். அங்கே உள்ள சமையலறை முழுவதும் அவள் பொறுப்பு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஒவ்வொரு வருஷமும் லெந்து நாட்களில் எழுந்து நின்று, இந்தப் பொறுப்பை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்பாள். சபையில் எல்லாரும் தங்கள் தங்கள் காலணியைக் கவனமாகப் பார்ப்பார்கள். அவளும் பெருமூச்சுவிட்டு இன்னொரு வருஷம் அண்டா கழுவுவாள்.

அன்று நாலைந்து அண்டாக்கள் வரிசையில் நின்றன. பட்டாணி சூப், தக்காளி சூப், பீன்ஸ் சூப், கடைசியில் ஆர்வில். முதலில் வந்தவர்கள் மரியாதைக்காக அரைக் கரண்டி வாங்கினார்கள். ஆர்வில் ஒவ்வொருவருக்கும் கடற்பாசியைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தார். யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மேஜையாகப் பேச்சு நின்றது. அந்தக் கீழ்த்தளத்தில் பேச்சு நிற்பது சாதாரண விஷயமில்லை. லைல் எழுந்து இரண்டாம் தடவை வந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. பட்டாணி சூப்காரி தன் அண்டாவைத் தனியாகக் காவல் காத்துக்கொண்டு நின்றாள். வித்தியாசமா இருக்கு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பாஸ்டரே கிண்ணத்தை ரொட்டியால் வழித்ததை ஆர்வில் தன் கண்ணால் பார்த்தார்.

அண்டா இறங்கிக்கொண்டே வந்தது. அடி தெரிந்தது. ஒரு கரண்டி மிச்சம்.

அங்கேதான் நின்றது.

ஆர்வில் பிறந்து வளர்ந்த ஊர் அது. ஆனாலும் பந்தயம் கட்டின உற்சாகத்தில் மனுஷர் ஒன்றை மறந்துவிட்டார். ஸ்வான் பேயில் கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள். கேக்கானாலும் சரி, கறியானாலும் சரி, தட்டில் கடைசியாக ஒன்று எப்போதும் கிடக்கும். அதை எடுக்கிறவனைவிடத் திருடன் மேல் என்று அந்த ஊர் நினைக்கும்.

"லைல், வா, இன்னும் ஒரு வாய்."

"வேண்டாம், ஆர்வில். வேற யாராவது சாப்பிடட்டும்."

"வேற யாரும் வேண்டாங்கறாங்க."

"அப்ப நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது?"

இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை ஒப்புக்கொள்வதும் அங்கே வழக்கம்தான். மூன்றாம் தடவை கெஞ்சினார். லைல் சரியென்று கிண்ணத்தை நீட்டி, பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுப் போனான். அந்தப் பாதிக்காக ஆர்வில் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைக் கெஞ்சினார். அவர் அதில் பாதி எடுத்தார். பாஸ்டர் அதிலும் பாதி எடுத்துவிட்டு, மீதியை இல்லாதவர்களுக்கு வைப்போம் என்றார். இல்லாதவர்கள் யாரும் அங்கே இல்லை. கடைசியில் அடியில் ஒரு தேக்கரண்டி சாறும் மூன்று காட்டரிசியும் நின்றன. அவை உலக முடிவு வரை அங்கேயே நிற்கும் போலிருந்தது.

யாரும் பார்க்காதபோது தானே குடித்துவிடலாம் என்று ஆர்வில் குனிந்தார். ஆர்டிஸ் அம்மாள் தூரத்திலிருந்தே கரண்டியால் மேஜையைத் தட்டினாள். சமைத்தவர் தன் அண்டாவில் கைவைக்கக் கூடாது. அதுவும் வழக்கம்.

ஆர்வில் நிமிர்ந்தார். எதிர் மேஜையில் மார்லிஸ் நிதானமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கரண்டி விட்டால் ஒன்றும் வரக் கூடாது என்று அவள் சொன்னது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அமிர்தத்தையே சமைத்திருந்தாலும் இந்தப் பந்தயத்தில் ஜெயித்திருக்க முடியாது. ஜன்னல், அடுப்பு, ஜாடிகள், எல்லாவற்றுக்கும் மனசுக்குள் விடை சொல்லிக்கொண்டார்.

மார்லிஸ் எழுந்தாள். ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு நேரே அண்டாவுக்கு வந்தாள்.

"நகரு, நான் சாப்பிடறேன்."

ஆர்விலுக்குப் புரியவில்லை. "மார்லிஸ், நீ சாப்பிட்டா நான் ஜெயிச்சிடுவேன்."

"தெரியும்."

"அடுப்பு போயிடும்."

"தெரியும், ஆர்வில். இவ்வளவு பாடுபட்டிருக்கே. ஒரு தேக்கரண்டிக்காக உன்னைத் தோக்கவிடுவேனா?"

ஊரே பார்க்க அண்டாவைச் சாய்த்து, ரொட்டியால் சுற்றி வழித்து, மூன்று காட்டரிசியையும் விடாமல் சாப்பிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கு" என்றாள். சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். ஆர்விலுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய்த் துவைக்கிற அறையில் காப்பி குடிக்க வைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இத்தனை பிரியம் அவருக்கு அவள்மேல் வந்ததில்லை. பின்பக்க அடுப்பு மட்டும் போதாது, முன்பக்கமும் ஒன்று கொடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

ஆர்டிஸ் அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். எல்லாரும் பழக்கதோஷத்தில் காலணியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் கீழ்த்தளத்தில் ஒரு அண்டா காலியாகி நான் பார்த்ததே இல்லை என்று அவள் ஆரம்பித்தாள். இத்தனை வருஷமாக ஓர் ஆள் தேடினேன், கர்த்தர் இன்றைக்குத்தான் கண்ணைத் திறந்தார் என்றாள். திறந்தது கர்த்தர் மட்டும் இல்லையாம். "மார்லிஸ் போன ஞாயித்துக்கிழமையே சொன்னா. ஆர்விலுக்கு வீட்டு அடுப்பு பத்தல, கை துறுதுறுங்குது, வெளியில சொல்லக் கூச்சப்படறாரு, அண்டா காலியாச்சுன்னா நீங்களே கேளுங்கன்னு சொன்னா."

யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாஸ்டர் கேட்டார். ஸ்வான் பேயில் யாருக்கும் எதற்கும் ஆட்சேபணை கிடையாது. சபை கைதட்டிற்று. தன்னுடைய காலணி தப்பித்தது என்கிற நிம்மதியும் அந்தக் கைதட்டலில் இருந்தது. யாரோ பின்னாலிருந்து ஆர்விலின் இடுப்பில் சமையல் மேலங்கியைக் கட்டிவிட்டார்கள்.

ஆர்டிஸ் வேலையை விளக்கினாள். புதன்கிழமை சூப். ஞாயிற்றுக்கிழமை காப்பி, பலகாரம். செவ்வாய்க்கிழமை போர்வை தைக்கிற பெண்களுக்குச் சாப்பாடு. வியாழக்கிழமை முதியோர் விருந்து. அப்புறம் சாவுச் சாப்பாடு. "இந்த ஊர்ல வயசானவங்க ஜாஸ்தி, பாத்துக்கோ. அது எந்த நாள்னு சொல்ல முடியாது." உதவிக்கு எத்தனை பேர் என்று ஆர்வில் ஈனமான குரலில் கேட்டார். பத்து வண்டி கிளம்பின பழைய நாட்கள் அவர் ஞாபகத்தில் வந்தன. உதவிக்கு ஆள் இருந்தால் நான் ஏன் தேடப்போகிறேன் என்றாள் ஆர்டிஸ்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். எதிரே அத்தனை முகங்கள். லைல் அடுத்த புதன்கிழமையும் இதே சூப்தானா என்று ஆசையாகக் கேட்டான். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொன்னவர் அந்த ஊரில் இதுவரை ஒருத்தர்கூட இல்லை. "செய்யலாம்" என்றார் ஆர்வில்.

எல்லாரும் ஜெபத்துக்கு மேலே போன பிறகு மார்லிஸைத் தேடிப் பிடித்தார்.

"வாரம் பூரா இங்கேயே கிடந்தா வீட்டுல டாஷி எப்ப போடறது?"

"வீட்டுல எதுக்கு? இங்க ஆறு அடுப்பு இருக்கு. உன் பாசி, மீன் கட்டை, ஜாடி, இழைப்புளி எல்லாம் கார்லதான் இருக்கு. நீ சூடு பாத்துக்கிட்டிருந்தப்பவே ஏத்திட்டேன். இறக்கி வெச்சுட்டு அண்டாவைக் கழுவ ஆரம்பி."

ஆர்வில் காலி அண்டாவைத் தூக்கித் தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆனா மார்லிஸ், பந்தயத்துல ஜெயிச்சது நான்தானே?"

"அதுல என்ன சந்தேகம்." அவருடைய மேலங்கி முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள். "வீட்டு அடுப்பு உன்னோடதுதான், ஆர்வில். நேரம் கிடைக்கறப்ப வந்து பாத்துட்டுப் போ."